கோகிலா சொன்ன பொய்

சங்கரன்கோவிலில், கோயிலுக்குப் போகிற தெருவில் கோகிலா பதினோரு வருடம் பூ விற்றாள். முழம் அளக்கும்போது அவள் கை தாராளமாக நீளும். அதற்காகவே அவளைத் தேடி வருகிறவர்கள் உண்டு. புருஷன் பேச்சிராஜ், பனவடலிசத்திரம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பூ ஏற்றிவரும் லோடு ஆட்டோ ஓட்டினான். ஒரே மகள் ஏழாவது படித்தாள்.

முப்பத்தைந்தாவது வயதில் கோகிலாவின் வலதுகை விரல்களில் வெள்ளை விழுந்தது. ஆறு மாதத்தில் புறங்கைக்கு ஏறியது. இது ஒட்டாது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் கல்யாணத்துக்குப் பூ வாங்க வந்த ஒருத்தி, "நீ தொடாண்டாம்மா, வேற யாராவது அளந்து குடுக்கட்டும்" என்றாள். கோகிலா கூடையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். பிறகு கடைக்குப் போகவே இல்லை.

அவள் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பதைப் பேச்சிராஜால் பார்க்க முடியவில்லை. சிவகிரியில் ஒருவன் வெண்புள்ளிக்கு மூலிகைப் பொடி கொடுக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போய் வாங்கிவந்தான். காலையில் அவனே வெந்நீரில் கலக்கிக் கொடுத்தான். அவள் வேண்டாம் என்றாள்.

"ஏட்டி, இது பச்சிலைதானே, ஒண்ணும் செய்யாது. கண்ண மூடிட்டுக் குடி."

இரண்டு மாதத்தில் விரல் நுனியில் நிறம் திரும்புவதுபோல் இருந்தது. அவளும் சிரித்தாள். மூன்றாவது மாதம் சோறு பிடிக்கவில்லை. உடம்பெல்லாம் அரித்தது. கண் மஞ்சளானதும் பேச்சிராஜ் பொடி கொடுத்தவனுக்குப் போன் செய்தான்.

"உள்ள இருக்க கழிவு வெளியேறுது. இப்ப நிறுத்துனா பூராவும் வீணாப் போயிரும்" என்றான் அவன்.

பேச்சிராஜ் இன்னும் பன்னிரண்டு நாள் கொடுத்தான்.

பெற்ற மகளின் பெயரையே அவள் மாற்றிச் சொன்ன அன்று திருநெல்வேலிக்குக் கொண்டுபோனான். என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று அங்கே டாக்டர் கேட்டார்.

"மருந்து ஒண்ணும் கிடையாது சார்."

பொடி, கஷாயம் ஏதாவது உண்டா என்று அவர் திரும்பக் கேட்டபோதுதான் பொடி டப்பா அவன் நினைவுக்கு வந்தது. எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு, ஈரல் கெட்டதற்கு அந்தப் பொடிதான் காரணமாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். கண் மஞ்சளான அன்றே நிறுத்தியிருந்தால் தேறியிருக்கலாம். இனி மாற்று ஈரல் வைக்க வேண்டும், அதுவரை தாங்குவாளா தெரியாது என்றார்.

மறுநாள் அவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. குருவிகுளத்திலிருந்து அவளுடைய அண்ணன் நல்லக்கண்ணு வந்தார்.

"எந்தப் பய இதக் குடுத்தான்?" என்று வார்டு என்றும் பார்க்காமல் சத்தம் போட்டார்.

"நாந்தாண்ணே வாங்கிக் குடிச்சேன்" என்றாள் கோகிலா. "இவுகளுக்குத் தெரியாது."

பேச்சிராஜ் பேச வாயெடுத்தான். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். அண்ணன் டீ வாங்கப் போனதும், "ஏன்ட்டி அப்படிச் சொன்ன?" என்று கேட்டான்.

"அண்ணன் உங்கள வெறுத்துட்டா பிள்ளைக்கு வேற யாரு இருக்கா? நீங்க நல்லதுக்குத்தானே குடுத்திய."

மூன்றாம் நாள் மதியம் அவள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் பந்தியில் யாரோ, "அழகு பாக்கப் போயி உசுர விட்டுட்டா" என்றார்கள். பேச்சிராஜ் எழுந்து நின்றான்.

"அவ வேண்டாம்னுதான் சொன்னா. நாந்தான் கலக்கிக் குடுத்தேன். கண்ணு மஞ்சளான பெறவும் நாந்தான் குடுத்தேன்."

நல்லக்கண்ணு இலையை மூடிவிட்டு எழுந்து கைகழுவினார். மருமகளின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். இப்போது மாதம் ஒருமுறை வந்து, பள்ளிக்கூட வாசலிலேயே பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறார். வீட்டுப் படி மிதிப்பதில்லை.

"அன்னைக்கே மச்சான் என்னய ரெண்டு அடி அடிச்சிருக்கலாம்" என்று பேச்சிராஜ் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.