‘ஒண்ணுமில்ல’ என்றால் அண்ணிக்கு ஆகாது

எங்கள் தொழிற்சாலையில் யாராவது “எனக்கு ஒண்ணுமில்ல” என்றால் என் அண்ணிக்குப் பொல்லாத கோபம் வரும். காரணம் டைமெத்தில் சல்பேட். வாசனைப் பொருள், மருந்து, சாயம் எல்லாவற்றின் தயாரிப்பிலும் அதற்கு வேலை உண்டு. பார்க்க எண்ணெய் மாதிரி இருக்கும், நிறம் கிடையாது. லேசான வெங்காய வாடை, அதுவும் பலருக்குத் தெரியாது. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். பட்டவுடன் வலிக்காது. சில மணி நேரம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, பிறகுதான் நுரையீரலைப் பதம் பார்க்கும். இப்படி ஒரு நயவஞ்சகத்தை நான் மனிதரிடம்கூடப் பார்த்ததில்லை.

அண்ணன் போனது அதனால்தான். எங்கள் தொழிற்சாலையின் பீப்பாய்க் கூடத்தில் அது கசிந்த அன்று ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார், அண்ணியிடமும் அதையே சொன்னார், சாப்பிட்டார், படுத்தார். விடிந்தபோது அவர் இல்லை.

அண்ணி அழுது ஓய்ந்ததும் அதே பீப்பாய்க் கூடத்தில் வேலை கேட்டார். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பாதுகாப்புப் பயிற்சி முடித்து, அங்கேயே பொறுப்பாளராக வந்து நின்றார். முகமூடியைச் சரியாக மாட்டாதவர் மேலாளரே ஆனாலும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

போன வருடம் என் முறை. குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் கிழிந்து அந்தத் திரவம் என் தோளில் பீச்சியடித்தது, முகமூடியும் நழுவிவிட்டது. அண்ணி ஓடிவந்து என் சட்டையைக் கத்தரியால் வெட்டி எறிந்து, என்னை அவசரக் குழாயின் அடியில் தள்ளினார். போதும் என்று நான் கெஞ்சியும் தண்ணீரை நிறுத்தவில்லை. என் வண்டிச் சாவியையும் எடுத்து வைத்துக்கொண்டார். எனக்கோ வலியும் இல்லை, இருமலும் இல்லை. அன்று சாயங்காலம் என் மகள் முதல்முறையாகப் பள்ளி மேடையில் ஆடுகிறாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி. பாப்பா டான்ஸ் முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போறேன். வண்டிச் சாவியக் குடுங்க.”

“தர மாட்டேன். வேன்ல ஏறு.”

“புள்ள என்னைத் தேடுவா!”

“இன்னைக்கு ஒரு நாள் தேடட்டும். வாழ்நாள் முழுக்கத் தேட விட மாட்டேன். ஏறுடா!”

அதுவரை அவர் என்னை ‘டா’ போட்டதில்லை. ஏறினேன்.

ராத்திரி முழுக்கக் கண்காணிக்க வேண்டும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அண்ணியோடு பேசாமல் சுவரைப் பார்த்து முறுக்கிக்கொண்டு படுத்தேன். பாப்பா ஆடியதை மனைவி போனில் எடுத்து அனுப்பியபோது, கண் வீங்கிப்போய் எனக்குத் திரை தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தொண்டை அடைத்தது, மூச்சு இழுத்தது. அடுத்த நிமிடம் ஆக்சிஜன் மாட்டிவிட்டார்கள். வீட்டில் இருந்திருந்தால் அண்ணன் போன வழிதான்.

சில நாள் கழித்து ஆக்சிஜனை எடுத்தார்கள். அண்ணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“இப்ப எப்படி இருக்கு? உங்கண்ணன் எங்கிட்ட கடைசியாச் சொன்னது ‘ஒண்ணுமில்ல’தான். நீயாவது உண்மையச் சொல்லு.”

தொண்டையில் குரலே இல்லை. சிரமப்பட்டுச் சொன்னேன்.

“ரொம்ப வலிக்குது அண்ணி.”

“அப்பாடா,” என்றார் அண்ணி. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.