கைக்குட்டை அசைந்தால் கடியாரம் ஓடும்

உளுந்து களைந்துகொண்டே இதை எழுதுகிறேன். ஒரு கை சட்டியில், ஒரு கை பென்சிலில். எழுத்து எங்காவது ஊறிப் போயிருந்தால் அழுதுகொண்டே எழுதினாள் என்று நினைத்துவிடாதீர்கள், அது உளுந்துத் தண்ணி. ரோட்டோரம் தேத்தண்ணிக் கடை வைத்தவளுக்கு, வேகமாகப் போகிறவன் எவனும் வாடிக்கைக்காரன் இல்லை. இந்தத் தொழிலில் நான் முதலில் தெரிந்துகொண்டது அதுதான்.

எங்கள் கடை மலாயாவில், ஸ்கூடாயிலிருந்து கூலாய் போகிற பெரிய ரோட்டில் இருக்கிறது. எதிரே ரப்பர் தோட்டம். ரோடு அந்த இடத்தில் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். நேர் ரோட்டைக் கண்டால் ஓட்டுகிறவர்களுக்குக் கால் சும்மா இருக்குமா? அன்னாசி லாரி, ரப்பர் லாரி, பஸ், துரைமார் கார் என்று எல்லாம் பறக்கும். புழுதி மட்டும் நமக்கு. என்னைப் போல் ரோட்டோரத்தில் அடுப்பு மூட்டியிருக்கிற அக்கா தங்கச்சிமாரே, புழுதி படாமல் ஒரு நாளாவது ஒரு வடை விற்றிருக்கிறீர்களா, சொல்லுங்கள்!

அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடைக்கு மாத்தாக்கள் வந்தார்கள். எங்கள் பக்கம் போலீஸ்காரரை மாத்தா என்போம். வேகம் பிடிக்க வந்தவர்கள். அவர்கள் வந்துதான் எனக்கு வியாபாரம் வந்தது. பயமும் கூடவே வந்தது. ஏனென்றால் என் வீட்டுக்காரர் அன்னாசி லாரி ஓட்டுகிறவர். ஜொகூர் பாரு பக்கம் ஒரு பாலத்தடியில் ஏற்கெனவே வேகத்துக்கு மாட்டியவர். இன்னொரு தடவை மாட்டினால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவோம் என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். லைசென்ஸ் போனால் லாரி போகும். லாரி போனால், லாரி முதலாளியான அன்னாசித் தவுக்கே எங்களுக்கு விட்டிருக்கிற இந்த இடமும் கடையும் போகும். கைப்பிள்ளையோடு எந்த ரோட்டில் போய் நிற்பது?

அவரிடம் சொல்லாமலா இருப்பேன்? "மாத்தா என்னிக்கு வர்றாங்கன்னு தெரியமாட்டேங்குது, மெதுவா வாங்க" என்பேன். "ஃபாக்டரி கேட்ட மூடிட்டா உன் மாத்தாவா வந்து பழத்த இறக்குவான்?" என்பார். லாரி சத்தம் கேட்கும்போதெல்லாம் "அந்தோணியாரே, அவர் காலைத் தூக்கிப் பிரேக்கிலே வையும்" என்று வேண்டிக்கொள்வேன்.

கைக்குட்டையும் கடியாரமும்

அவர்கள் பிடிக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன், நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கும் உதவும். ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு மாத்தா மரத்துக்குப் பின்னால் நிற்பார். அங்கே ரோட்டில் ஒரு கோடு. என் கடை முன்னால் இன்னொரு கோடு. லாரியின் முன்சக்கரம் முதல் கோட்டைத் தாண்டியதும் மரத்துக்குப் பின்னால் இருப்பவர் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டுவார். என் கடை பெஞ்சியில் கடியாரத்தோடு மாத்தா யூசோப் இருப்பார். குதிரைப் பந்தயத்தில் வைத்திருப்பார்களாமே, அந்தமாதிரிக் கடியாரம். கைக்குட்டையைக் கண்டதும் ஒரு அமுக்கு, லாரி இரண்டாவது கோட்டைத் தாண்டியதும் ஒரு அமுக்கு. முள் சீக்கிரம் நின்றால் வேகம். அப்புறம் சீக்கிய சார்ஜன் ரோட்டுக்கு நடுவில் வந்து கையை நீட்டுவார். அவர் கையைத் தாண்டிப் போக யானைக்கும் தைரியம் வராது.

நான் சாக்குத் திரைக்குப் பின்னால் அடுப்போடு இருப்பவள். ஆண்பிள்ளைகள் முன்னால் நிற்க எனக்குக் கூச்சம். குவளையைத் திரைக்கு அடியில் நீட்டினால் எடுத்துக்கொள்வார்கள், காசைப் பால் டின்னில் போடுவார்கள். முதல் நாள் பிடிபட்ட சீன லாரிக்காரர் ஒருவர், சம்மன் எழுதி முடிகிற வரைக்கும் பெஞ்சியில் உட்கார்ந்து தே குடித்தார். குடித்தவர் திரையைப் பார்த்துச் சொன்னார்: "இத்தனை வருசம் இந்தக் கடையைத் தாண்டிப் போயிருக்கேன், இவ்வளோ நல்ல தே இருக்குன்னு யாரும் சொல்லலையே லா!"

வேகம் யாருடையது

ஒரு துரையின் கார் மாட்டியது. துரை இறங்கவே இல்லை, பின்சீட்டில் பேப்பரை விரித்துக்கொண்டார். காரோட்டி நம் ஆள், வெள்ளை உடுப்பு, தலையில் தொப்பி. சார்ஜன் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீருக்காக என் கடைப் பக்கம் வந்தார். நான் தண்ணீரோடு ஒரு வடையும் சேர்த்து நீட்டினேன், பாவமாக இருந்தது.

"ஏங்க அண்ணே இவ்வளவு வேகம்?" என்று திரைக்குள்ளிருந்தே கேட்டுவிட்டேன். எனக்கே ஆச்சரியம், அந்நிய மனிதரிடம் வாய் திறந்தேனே என்று. அவர் காரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "வேகம் துரையோடது தங்கச்சி, சம்மன் மட்டுந்தான் என்னோடது."

மாட்டு வண்டிக்கு ஒரு சம்மன்

விறகு கொண்டுவருகிற முனியாண்டி அண்ணனுடைய மாடுகளை இந்தப் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. நடக்கிறதா நிற்கிறதா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அன்றைக்கு ரப்பர் மரத்துக் குளவிக் கூடு எப்படியோ கலைந்துவிட்டது. ஒரு குளவி ஒரு மாட்டின் முதுகில் உட்கார்ந்ததுதான் தாமதம், இரண்டு மாடும் வாலைத் தூக்கிக்கொண்டு பறந்தன. விறகு ஒரு பக்கம், அண்ணனின் தலைப்பாகை ஒரு பக்கம். மரத்துக்குப் பின்னால் இருந்த மாத்தா பழக்க தோஷத்தில் கைக்குட்டையை ஆட்ட, யூசோப்பும் பழக்க தோஷத்தில் கடியாரத்தை அமுக்கிவிட்டார்!

மாடுகள் கூலாய்ப் பக்கம் புல்லைக் கண்டு நின்றபிறகு அண்ணன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். பெஞ்சியில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், சார்ஜன்கூடத் தாடியைத் தடவிக்கொண்டு திரும்பிக்கொண்டார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கை கட்டிக்கொண்டு சார்ஜன் முன்னால் நின்றார்: "ஐயா, தயவு பண்ணி ஒரு சம்மன் எழுதிக் குடுங்க, இல்லாட்டி எம் மாடு ஓடுச்சுன்னு சொன்னா தோட்டத்துல ஒருத்தனும் நம்பமாட்டான்."

உதறின துணி

பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காலையில் எழுந்தால் மலை மாதிரி பிள்ளைத் துணி. வீட்டுக்காரர் பழைய வேட்டியைக் கிழித்தது, எல்லாம் வெள்ளை. நம் கைக்குத் துணியைப் பிழிந்து அப்படியே போடத் தெரியாது. பிழிந்து, இரண்டு முனையையும் பிடித்து, படார் என்று ஒரு உதறு உதறினால்தான் சுருக்கம் போகும், மனசும் ஆறும். கொடி கடைக்குப் பக்கவாட்டில், ஸ்கூடாய்ப் பக்கமாக, ரோட்டை ஒட்டிக் கட்டியிருந்தது. யூசோப் பெஞ்சியில் உட்கார்ந்து பார்க்கிற பார்வைக்கு நேர் வழியில் அது இருந்தது யாருக்குத் தெரியும்?

அன்றைக்கு மழை விட்டு வெயில் வந்திருந்தது. சேர்ந்துபோன துணியையெல்லாம் நான் உதறி உதறிப் போட்டேன். தூரத்தில் லாரி சத்தம் கேட்கும், யூசோப் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார், நான் உதறுவேன், அவர் அமுக்குவார். லாரி அப்போது முதல் கோட்டுக்கே வந்திருக்காது! கடியாரம் முன்னாலேயே ஓட ஆரம்பித்துவிட்டதால் பறந்து வந்த வண்டியெல்லாம் தவழ்ந்து வந்ததாகக் கணக்கு. காலை முழுக்க ஒருவரும் மாட்டவில்லை. "எல்லாரும் திருந்திட்டாங்களா?" என்று சார்ஜன் மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கார் காற்றாய்ப் போனது. புழுதி அடங்குவதற்குள் கடியாரத்தைப் பார்த்தால், அது மாட்டு வண்டியைவிட மெதுவாம். சார்ஜன் எழுந்து யூசோப்பின் பின்னால் வந்து நின்றார்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. அடுத்த துணியைப் படார் என்று உதறினேன். யூசோப்பின் விரல் தானாக அமுக்கியது. ரோட்டில் லாரியும் இல்லை, காரும் இல்லை. "இப்ப எந்த வண்டி வருது?" என்று சார்ஜன் கேட்டார். யூசோப் ரோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுசர்: "கோழி ஒண்ணுதான் வருது, சார்ஜன்."

சார்ஜன் கையில் கடியாரம்

சார்ஜன் நேராகக் கொடியடிக்கு வந்தார். ஈரத் துணியும் கையுமாக நான் நின்றேன். திரையும் இல்லை, ஒன்றும் இல்லை. என் பிள்ளை அந்தோணி பக்கத்தில் பழப் பெட்டிக்குள் உட்கார்ந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். "யாருக்காக இந்தச் சைகை? உங்க வீட்டுல யாராவது வண்டி ஓட்டுறாங்களா?" என்று கேட்டார். யூசோப் அதைத் தமிழில் சொன்னார், அவர் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர். இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிசம் தோன்றியது. ஆனால் இத்தனை நாள் திரைக்குப் பின்னாலேயே வாய் திறக்காமல் இருந்ததாலேதான் இந்தச் சந்தேகமே வந்தது. "சைகை இல்லீங்க, புள்ளத் துணி. எங்க வீட்டுக்காரர் அன்னாசி லாரி ஓட்டுறார்" என்று சொன்னேன். சார்ஜனின் முகம் இறுகிப் போனது.

சொல்லி வாய் மூடவில்லை, தூரத்தில் என் வீட்டுக்காரர் லாரிச் சத்தம். எத்தனை லாரி வந்தாலும் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் கண்ணைப் பார்த்தே சார்ஜனும் தெரிந்துகொண்டார். யூசோப்பின் கையிலிருந்து கடியாரத்தைத் தானே வாங்கிக்கொண்டு, என்னை அசையாமல் நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார். துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஒரு முனை காற்றில் ஆடினால்கூட வேண்டுமென்று ஆட்டினாள் என்பார்களே! மரத்துக்குப் பின்னால் கைக்குட்டை அசைந்தது. கடியாரம் கிளிக் என்றது. கண்ணை மூடிக்கொண்டேன். மனசுக்குள் லைசென்ஸ் போனது, கடை போனது, அடுப்புக் கல்லை யாரோ தூக்கிப் போட்டார்கள்.

இரண்டாவது கிளிக் வரவே இல்லை. லாரி முனகுகிற சத்தம் மட்டும் கேட்டது. திரைக்குப் பின்னால் தினமும் கேட்கிற முனகல்தான் அது, பழைய இஞ்சின், களைத்துப்போய் முனகுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கண்ணைத் திறந்தால் லாரி ஊர்ந்து வருகிறது. பின்னால் அன்னாசி மலை ஆடுகிறது. அவர் பாதி உடம்பு வெளியே, பழப் பெட்டியையே பார்த்துக்கொண்டு, "அந்தோணீ" என்று வாயைக் குவித்துக்கொண்டு வருகிறார். பிள்ளை கையைத் தூக்கி ஆட்டுகிறது. அப்புறந்தான் பக்கத்தில் என்னையும் சார்ஜனையும் கண்டார், அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சார்ஜன் கடியாரத்தைப் பார்த்தார், காதில் வைத்து ஓடுகிறதா என்றும் பார்த்தார். பிறகு யூசோப்பும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். யூசோப்தான் எனக்குச் சொன்னார்: "இவரா அக்கா உங்க வீட்டுக்காரரு? தினமும் இங்க வந்தா ஊர்ந்துக்கிட்டே எட்டி எட்டிப் பார்ப்பாரு, யாரோ உங்களை முறைக்கிறான், நாளைக்கு நிறுத்தி ரெண்டு தட்டு தட்டணும்னு சார்ஜன் சொல்லிக்கிட்டு இருந்தாரு!"

பூப்போட்ட துணி

மறுநாள் கொடியைக் கடைக்குப் பின்பக்கம் மாற்றிக் கட்டினோம். ஆனாலும் யூசோப்புக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த முறை வரும்போது ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். அவர் வீட்டம்மா, தன் பழைய பாத்தேக் கைலிகளைப் பிள்ளைத் துணி அளவுக்குக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்தே அனுப்பியிருந்தார்கள். சிவப்பும் நீலமும், பூவும் கொடியுமாக. முகம் தெரியாத எனக்கு இதைச் செய்த அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும். இந்த ரோட்டில் என் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி அழகான துணி ராஜா வீட்டுப் பிள்ளைக்கும் இருக்காது.

வாங்கிக்கொள்ளத் திரையை விட்டு வெளியே வந்தேன். இப்போதெல்லாம் அதிகம் திரைக்குள் போவதில்லை, சார்ஜன் முன்னாலேயே நின்றாயிற்று, இனி யார் முன்னால் கூச்சம்? யூசோப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பூவைப் பார்த்தும் நான் கடியாரத்தை அமுக்கினா, அப்புறம் என்னை மாடு மேய்க்க அனுப்பட்டும் அக்கா."

மொத்தத்தில் பார்த்தால், என் வீட்டுக்காரர் பிழைத்ததற்கு அந்தோணியாருக்கு ஒரு பங்கு, சார்ஜனின் கடியாரத்துக்கு ஒரு பங்கு நன்றி சொல்லலாம், ஆனால் இப்போது அவர் ஊர்வதோடு விடாமல் நடு ரோட்டில் லாரியை நிறுத்தியே பிள்ளையைக் கொஞ்சுகிறார், வேகத்துக்குத் தப்பியவர் கடைசியில் ரோட்டை மறித்ததற்கு மாட்டப் போகிறார் என்றுதான் எனக்கு… "ஏ புள்ள, அவனத் தூக்கிட்டு வெரசா வா, பின்னால பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்!" இதோ வந்துவிட்டார், பென்சிலை வைக்கிறேன், கையைத் துடைத்துக்கொண்டு நான்…