கரையாத பிள்ளையார்

எங்கள் தெருப் பிள்ளையாரைப் பிள்ளைகள் தொடக்கூடாது. ஓசூரிலேயே பெரியவர் என்று பெயர் வாங்க ஜிகினா பூசிக்கொண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் தும்பிக்கையைத் தொட்டுவிட்டேன் என்று விழாக்காரர் ஒருவர் கோழியை விரட்டுவதுபோல் என்னை விரட்டினார். எனக்கு எட்டு வயது. ரோஷம் வயதுக்கு மீறியது. அந்த அவமானத்தை ஒரு வருஷம் வயிற்றிலேயே வைத்திருந்து, அடுத்த சதுர்த்தி நெருங்கியதும் எனக்கென்று ஒரு பிள்ளையார் வேண்டும் எனத் தரையில் உருண்டேன்.

தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த சித்தப்பாவுக்கு எதையும் முடியாது என்று சொல்லத் தெரியாது. "செஞ்சிட்டாப் போச்சு" என்றார்.

எங்கள் லைனில் ஆறு வீடு, ஆறும் ஆறு கம்பெனி. எல்லோர் வீட்டிலும் தூக்கிப்போட வேண்டியது ஏதாவது இருந்தது. எதிர்வீட்டுக் கன்னடத்து அக்கா கொண்டுவந்த ஓட்டை பெயின்ட் டிரம் தொப்பையானது. பர்கூரிலிருந்து வந்திருந்த தெலுங்குக்கார அண்ணன் அதன்மேல் கிரானைட் சில்லுகளை ஒட்டி மாலை போட்டார். அம்மா, கார்மென்ட்ஸில் கழித்த துணிகளில் இரண்டு காதுகள் தைத்தாள்; ஒன்று ஜீன்ஸ், ஒன்று பூப்போட்டது. கடைசி வீட்டுத் திருநெல்வேலி மாமா வாஷிங் மெஷின் ஹோஸைக் கொடுத்தார். தும்பிக்கை இடமா வலமா என்று மூன்று மொழியில் சண்டை நடக்க, ஹோஸ் அதன் இஷ்டத்துக்கு வளைந்துகொண்டது. சித்தப்பா கொண்டுவந்த தகர வட்டங்களைக் கிரீடத்தில் ஒட்டியது நான்.

யார் வேண்டுமானாலும் தொடலாம் என்று தெருமுனையில் நின்று கூவினேன். பெரியவரிடம் இருந்த கூட்டத்தில் பாதி எங்களிடம் வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் கற்பூரம் காட்டி, இடத்தைவிட்டு நகர்த்தி வழியனுப்பி, குட்டியானை வண்டியில் ஏற்றி ஏரிக்குப் போனோம். கரையில் நின்ற நகராட்சி ஊழியர் தொப்பையைத் தட்டிப் பார்த்தார். டங் என்றது.

"இது எந்த ஜென்மத்துல கரையும்?"

ஆறு கம்பெனியை ஓட்டுகிற அத்தனை பேரில் ஒருவருக்கும் அதுவரை இது தோன்றவில்லை. வழியனுப்பிய சாமியைத் திரும்பவும் வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது. எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். எனக்கு மட்டும் பரமானந்தம். என் பிள்ளையார் என்னைவிட்டுப் போகப்போவதில்லை!

கன்னடத்து அக்காதான் வழி சொன்னார். "கரையறதுன்னா இன்னா? வந்த எடத்துக்கே போறது. பிரிச்சு, அவங்கவங்க குடுத்தத அவங்கவங்க எடுத்துக்கலாம்."

ஏரித் தண்ணீரைத் தெளித்துவிட்டு சித்தப்பா ஸ்பேனரை எடுத்தார். ஒவ்வொரு போல்ட்டாகக் கழல, எல்லோரும் கணபதிக்குக் கோஷம் போட்டார்கள். தும்பிக்கை கழன்றபோது நான் போட்ட கூச்சல் கோஷத்தையே அமுக்கிவிட்டது. சித்தப்பா என்னைத் தூக்கிக்கொண்டார்.

"அழாத சாமி. அடுத்த வருசம் எல்லாரும் அவங்க பாகத்த எடுத்தாந்தா அரை மணியில மாட்டிடலாம். என்னக்கா?"

"ஹௌது ஹௌது" என்றார் அக்கா. "அவுனு" என்றார் பர்கூர் அண்ணன். "ஆமால்லா" என்று மாமா ஹோஸைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பூப்போட்ட காதைத் தலையில் கட்டிக்கொண்டேன். வழியெல்லாம் டிரம்மைத் தட்டிப் பாட்டு. அந்த லைனில் எல்லோருக்கும் கான்ட்ராக்ட் வேலை. அது முடிந்தால் வீடும் காலி. அடுத்த சதுர்த்திக்கும் ஆறு வீட்டிலும் இதே ஆட்கள் இருப்பார்கள் என்று அந்த வண்டியில் நம்பியது நான் ஒருத்திதான். இருக்கமாட்டோம் என்று தெரிந்தும் அவர்கள் எப்படி அத்தனை சத்தமாகப் பாடினார்கள் என்பது புரிய எனக்கு வெகுகாலம் ஆனது.