ஒருநாள் விட்டு ஒருநாள்

மீன்காரன் தராசையே நம்பாதவள் நான். கைப்பேசியில் ஒருத்தி வியர்வைகூட இல்லாமல் கயிறு தாண்டிக்கொண்டே, "தினமும் குதியுங்கள், இடுப்பு சிறுத்துவிடும்" என்று சிரித்தால் நம்பிவிடுவேனா? தினமும் குதிக்க முட்டி என்ன இரும்பா? கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டேன். "ஒருநாள் விட்டு ஒருநாள் குதிங்கக்கா. நடுவுல ஒருநாள் கால் ரெஸ்ட் எடுக்கட்டும். மூச்சு வாங்கணும், ஆனா பேச்சு நிக்கக் கூடாது." அந்த மிஸ்ஸியே கொஞ்சம் குண்டுதான். அதனால் அதிலும் எனக்குப் பாதிச் சந்தேகம்.

ஆனாலும் குதித்தேன். சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு மாதவிலக்கு வந்தே பல மாதம் ஆகியிருந்தது. எடை குறைந்தால் அது தானாக வரலாம், வந்தால் குழந்தைக்கான சிகிச்சையைத் தொடங்கலாம் என்றார் டாக்டர். எனக்குக் குழந்தை வேண்டும். அது இல்லையென்றால் எங்கள் ஊர் புந்தோங்கின் புழுக்கத்தில், பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் புகைக்கு நடுவில், கார் நிறுத்தும் போர்ச்சில் நின்று தவளை மாதிரி துள்ளுவதற்கு எனக்கென்ன பைத்தியமா?

கணவருக்குத் தஞ்சோங் மாலிமில் வேலை. சனிக்கிழமைதான் வருவார். "அம்மாகிட்ட சொல்லாத லா. கோயில்ல போயி ஊருக்கே சொல்லிரும்" என்றார். ஆகவே மாமியாரிடம், "உடம்பக் குறைக்கிறேன் அத்தே" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

மாமியார் சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். எங்களோடு வந்து சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. காலையில் நான் குளித்துவிட்டுச் சாமி விளக்கு ஏற்றும்போது, பின்னால் நின்று என்னையே பார்ப்பார். சாயங்காலம் நான் கயிற்றை எடுத்தால், கீரை ஆய்கிற சாக்கில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என் வயிற்றையே பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் குண்டாக இருப்பதைத்தானே பார்க்கிறார்?

பிறகு வீட்டில் பொருள்கள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் பப்பாளி. சோற்றைக் குறைத்து அதைத் தின்னலாம் என்று வாங்கி வைத்தது. கேட்டதற்கு, "எதுத்த வீட்டுக்குக் குடுத்துட்டேன்" என்றார். அடுத்த வாரம் அன்னாசியும் அதே வழியில் போனது. என் தட்டில் மட்டும் மீனின் நடுத்துண்டு, நெய் விட்ட பருப்பு. அடுப்படியில் கனமான கேஸ் தோங்கை, அந்தச் சிலிண்டரை, நகர்த்தப் போனால் ஓடிவந்து தடுத்தார். சரிதான், என்னைக் குண்டாகவே வைத்திருந்து மகனிடம் குறை சொல்லத்தான் இந்த நாடகம் என்று முடிவு கட்டிவிட்டேன். மனம் ஆறவே இல்லை.

ஒருநாள் கயிற்றையே காணோம்.

"எங்கத்தே என் கயிறு?"

"எனக்கென்ன தெரியும்? நாய் இழுத்துட்டுப் போயிருக்கும்."

நாய்க்கு எதற்கடி ஆத்தா கயிறு? எனக்கு வந்த கோபத்தில் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்துக்கொண்டு போர்ச்சுக்குப் போனேன். நாலு தடவை தாண்டியிருப்பேன். மாமியார் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. நீ முழுகாம இருக்கேன்னு எனக்குத் தெரியும். நான் வந்ததுலேருந்து நீ ஒருநாளும் வெளக்க நிறுத்தலியே. இப்படிக் குதிச்சா என்னத்துக்கு ஆகும்?"

எங்கள் வீட்டில் தூரமானவள் சாமி விளக்கைத் தொடமாட்டாள். நான் தூரமாகவே இல்லை, தினமும் ஏற்றினேன். அதை வைத்து அவர் பேரப்பிள்ளையையே கண்டுபிடித்துவிட்டார். பப்பாளியும் அன்னாசியும் போன காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. கொடியைக் கட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். ஆனாலும் குதிப்பதை விடவில்லை. புதுக்கயிறு வாங்கி, அவர் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்துக் குதித்தேன்.

சில வாரம் கழித்து ஒரு காலையில், குளியலறையில் ரத்தத்தைப் பார்த்தேன். கத்திவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்படி ஒரு சந்தோஷம்! என் உடம்பு நான் சொன்னதைக் கேட்டுவிட்டது. வெளியே வந்தால், மாமியார் சாமி அறை வாசலில் நின்றிருந்தார்.

"இன்னிக்கி நீங்க ஏத்துங்கத்தே" என்றேன்.

தீப்பெட்டி அவர் கையிலிருந்து விழுந்தது. "போயிருச்சா?" என்று கேட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கயிறுதான்... நான் தலபாடா அடிச்சிக்கிட்டேனே. பாவி, கொன்னுட்டியே!"

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீர்க்கட்டி, கிளினிக், சிகிச்சை, ஒருநாள் விட்டு ஒருநாள். "எதுவும் போகலத்தே. இருந்தாத்தானே போறதுக்கு? இது வந்ததுதான் நல்ல சேதி" என்றேன். அவர் அழுதார். இல்லாத குழந்தைக்காக அவர் அழுவதைப் பார்த்து நானும் அழுதேன்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கை ஏற்றினார். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து என் பழைய கயிற்றை எடுத்துவந்து என் மடியில் போட்டார்.

"சரி, ஒனக்குக் கோளாறு. எம்மவனச் சோதிச்சுப் பாத்தாங்களா?"

"வரச் சொன்னாங்க. அவருக்கு லீவு கெடைக்கலத்தே."

"எத்தன தடவ கெடைக்கல?"

கிளினிக்கில் அழைத்தபோதெல்லாம் கிடைக்கவில்லை. மீன்காரனை, மிஸ்ஸியை, இந்த அம்மாவை என்று எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், கணவர் சொன்ன லீவை மட்டும் ஒருமுறைகூடச் சந்தேகப்பட்டதில்லை.

மாமியார் என் கைப்பேசியை நீட்டினார். "போடு அவனுக்கு. நான் பேசுறேன்."