இரண்டு விரற்கடைச் சந்து

வண்டியில் சாமான் ஏற்றுகிறவர்கள் எல்லோரும் அவரை விரற்கடை என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பத்து வயது இளையவன் என்பதால் அண்ணன் என்பேன். வீடு மாறுகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றி இறக்குவது எங்கள் தொழில். ஓட்டுவது நான்; எது எங்கே போக வேண்டும் என்று சொல்வது அவர். அளவு நாடாவை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. பீரோவின் முன்னால் நின்று இரண்டு கைகளையும் விரிப்பார். அதே விரிப்போடு மாடிப்படித் திருப்பத்துக்குப் போய், மிஞ்சுகிற இடத்தை விரல்களை அடுக்கி எண்ணுவார். "மூணு விரக்கடை மிச்சம். தூக்குங்கப்பா" என்பார். சரியாக மூன்று விரற்கடைதான் மிச்சம் இருக்கும்.

அவர் அடுக்கிய வண்டிக்குள் ஒரு சீப்பைச் செருக இடம் இருக்காது. மெத்தையை மிதித்துக் காற்றை வெளியேற்றுவார். நாற்காலிக் கால்களுக்கு நடுவே வாளியைக் கவிழ்ப்பார். "சாமான் அசைஞ்சுதுன்னா அடுக்கினவன் சரியில்லன்னு அர்த்தம்" என்பார். இருபது வருடத்தில் ஒரு கண்ணாடி உடைந்ததில்லை. அந்தத் திமிர் அவருக்கு இருந்தது. சும்மா ஓட்டிக்கொண்டு போன எனக்கும் இருந்தது.

ஒருமுறை அறிவியல் டீச்சர் ஒருத்தர் வீட்டைக் காலி செய்தோம். கதவு நிலையில் மாட்டிக்கொண்ட இரும்பு பீரோவைத் தட்டி அண்ணன் கேட்டார்: "இதுக்குள்ள என்னதான் டீச்சர் இருக்கு, இப்படி முரண்டு பிடிக்குது?"

"பெரும்பாலும் ஒண்ணுமே இல்ல. அணுவுக்கு நடுவுல ஒரு சின்னப் புள்ளி, சுத்தி எலக்ட்ரான். மத்ததெல்லாம் வெறும் எடம்னு வச்சுக்கங்க."

"வெறும் எடமா? அப்ப ரெண்டு பீரோவ ஒண்ணுக்குள்ள ஒண்ணு தள்ளிரலாமே! எனக்குப் பாதி வேல மிச்சம்."

டீச்சர் சிரித்துவிட்டார். "தள்ள முடியாதுங்க. ஒரு எலக்ட்ரான் இருக்குற நிலையில அதே மாதிரி இன்னொண்ணு வந்து உக்காராது. பாக்கக் காலியாத் தெரியும், ஆனா துண்டு போட்டு எடம் பிடிச்சாச்சு. நீங்க எவ்வளவு அழுத்துறீங்களோ அவ்வளவு திருப்பித் தள்ளும். நாற்காலியில உக்காந்தா கீழ விழாம இருக்கோமே, அது அதனாலதான்."

வழியெல்லாம் அண்ணன் "இரும்பு துண்டு போட்டு வச்சிருக்காம்டா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். நானும் சிரித்தேன். அப்போது எதற்கும் சிரிப்போம்.

பிறகு அண்ணிக்கு நுரையீரல் கெட்டுப்போனது. இனி இங்கே வைத்துச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் ஒன்று, மின்சாரம் போனால் திறந்துவிட ஒரு சிலிண்டர், தலைப்பக்கம் உயர்த்துகிற இரும்புக் கட்டில். இவ்வளவும் இருந்தால்தான் அண்ணிக்கு மூச்சு. அவர்கள் வீட்டில் இருந்ததோ ஒரு சமையல்கட்டும் ஒன்பதடிக்கு ஏழடி அறையும்தான்.

பீரோவை என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "நான் இருக்கும்போதே என் பீரோவ வெளிய அனுப்பினா, நான் போயிட்டேன்னுதான அர்த்தம்?" என்றாள். அறைக் கதவைக் கழற்றிவிடலாமா என்று அண்ணன் கேட்டதற்கும் தலையாட்டி மறுத்துவிட்டாள். உடம்பு துடைப்பதும் துணி மாற்றுவதும் அந்த அறையில்தான். யார் வந்தாலும் பார்க்கிற மாதிரி கிடக்க அவளுக்கு மனமில்லை. அதில் என்ன தப்பு?

அண்ணன் அந்த அறையை வண்டியை அடுக்குவது போல அடுக்கினார். கதவுக்கு எதிரே இருந்த ஒரே ஜன்னலை அடைத்துப் பீரோ. பீரோவை ஒட்டிக் கட்டில். கட்டில் நகராமலிருக்கச் சக்கரங்களைப் பூட்டி, அடியில் கட்டையும் கொடுத்தார். கதவோரம் சிலிண்டர். கதவு உள்பக்கமாகப் பாதிதான் திறக்கும். வயிற்றை எக்கிக்கொண்டு நுழைய வேண்டும். பீரோவைத் திறக்கவே முடியாது, ஆனால் அறைக்குள் இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "அசைச்சுப் பாரு" என்றார். அசைத்துப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது. பலே அண்ணே என்றேன். இருபது வருடமாக வண்டிக்குள் ஓர் ஆள் நிற்க நாங்கள் இடம் விட்டதே இல்லை. வீட்டுக்குள் அது வேண்டும் என்று எங்கள் இரண்டு மண்டைகளுக்கும் உறைக்கவில்லை.

பதினெட்டு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. "கடப்பாரைய எடுத்துக்கிட்டு ஓடி வா" என்றார். என் வீடு அடுத்த தெருதான். நான் போனபோது அறைக் கதவின் முன்னால் அவர் மண்டியிட்டுக் கிடந்தார்.

மருந்து வாங்கக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய் மெஷின் நின்றுவிட்டது. அண்ணி தானே சிலிண்டரைத் திறக்கக் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்து எட்டியிருக்கிறாள். அது சரிந்து, கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே படுத்துக்கொண்டது.

"தள்ளிப் பாத்தீங்களாண்ணே?"

"கதவு சிலிண்டர்ல இடிக்குது. சிலிண்டர் கட்டில்ல இடிக்குது. கட்டில் பீரோவுல இடிக்குது. பீரோ சுவத்துல." வண்டிக்குச் சாமான் எண்ணுகிற அதே குரலில் சொன்னார். நானும் தோளைக் கொடுத்து முட்டினேன். எதுவும் ஒரு நூல்கூட அசையவில்லை. கீல்கள் உள்பக்கம். கதவு பழைய கனத்த மரம். அது இரண்டு விரற்கடை மட்டும் திறந்திருந்தது. கடப்பாரையைக் கொடுத்து நெம்ப அந்தச் சந்தை விட்டால் வேறு இடமில்லை. அந்தச் சந்தில் அண்ணனின் விரல்கள் இருந்தன.

"கைய எடுங்கண்ணே."

"அவ கால் என் விரல் மேல இருக்குடா."

கட்டிலின் விளிம்பைத் தாண்டிக் காலை நீட்டி, விரல் நுனிகளைத் தொட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே இருட்டு. அவள் இழுத்து இழுத்து மூச்சு விடுவது மட்டும் கேட்டது. "எங்கயும்... போயிராதீங்க."

"போகலம்மா. இங்கதான் இருக்கேன். பாரு, இங்கதான்."

"எடுங்கண்ணே, நேரமாகுது!" என்று கத்தினேன். கேட்கிற நிலையில் அவர் இல்லை. நான் கத்தியும் கெஞ்சியும் இரண்டு நிமிடமாவது போயிருக்கும். அந்த இரண்டு நிமிடத்துக்காக அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கடைசியில் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். விரல்களில் தோல் உரிந்தது. கடப்பாரையைச் செருகினேன்.

பலகை பலகையாகத்தான் பெயர்ந்தது. உள்ளே மூச்சுச் சத்தம் எப்போது நின்றது என்று மரம் உடைகிற சத்தத்தில் எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டாவது பலகை வந்ததும் வெளிச்சம் உள்ளே விழுந்தது. அண்ணி போய்விட்டிருந்தாள். அவள் கால் அதே இடத்தில் நீண்டு, கடப்பாரையின் மேல் கிடந்தது.

அதன்பின் அவர் வண்டிக்கு வரவில்லை. வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டினால் எனக்குக் கொஞ்சம் ஆறும். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார், ஒவ்வொரு தடவையும். "கால்ல இரும்பு பட்டதும் நான் போயிட்டேன்னு நெனச்சிருப்பாளாடா?"

இல்லை அண்ணே என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போகிறேன்.