கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு அனிற்றாவின் பேர் குடுக்கப் போனது

வண்டு, உன்ர புளொக்கில நான் எழுதுறன். கோவிக்காதே. பாஸ்வேர்ட் உன்ர கொப்பியின்ர பின்மட்டையில இருந்தது.

வாசிக்கிற ஆக்களுக்கு முதல் சொல்லிவிடுறன். இந்தப் பக்கத்தை எழுதிவந்த அனிற்றா போன வருஷம் நெஞ்சு வருத்தத்தில செத்துப்போனாள். நான் அவளின்ர அக்கா. ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடம் விட்டனான், வெள்ளவத்தையில இடியப்பம் அவிச்சுக் கடைகளுக்குக் குடுக்கிறன். எழுத்துப்பிழையை மகள் திருத்தித் தந்தவள். அனிற்றா சின்னனில வீட்டுப்பாடம் எழுதேக்க மூக்கால முனகிக்கொண்டே எழுதுவாள். அதாலதான் வண்டு. ரெண்டு கதைப் புத்தகம் எழுதேக்கயும் அந்தச் சத்தம் நிக்கேல்லை.

ஆம்பிளை எண்டு பதிஞ்ச பேரைப் பொம்பிளைப் பேராய் மாத்த எந்தக் கந்தோருக்கு எந்த பஸ், எந்த மேசையில மரியாதையாக் கதைப்பினம், வழியில எந்தக் கழிவறைக்குப் பயமில்லாமல் போகலாம் எண்டெல்லாம் அவள் இதில எழுதினவள். அவளின்ர சிநேகிதி ஒருத்தியை ஒருக்கால் பொலிஸ் பிடிச்சு வைச்சது. இவள் ரெண்டு காலிலயும் வேற வேற சோடிச் செருப்பைப் போட்டுக்கொண்டு பொலிசுக்கு ஓடினவள். முறைப்பாட்டை எழுதித் தரும்வரைக்கும் அங்க போட்டிருந்த வாங்கில இருந்து எழும்பேல்லை. "எழுதித் தாங்கோ" எண்டதை விட அங்க அவள் வேறொண்டும் சொல்லேல்லையாம்.

அப்பிடிப்பட்டவளின்ர மரண அறிவித்தலில பழைய பேர்தான் இருந்தது. மலர்ச்சாலைக்காரர் பேர் கேட்க, எங்கட பெரியண்ணா பழைய பேரைச் சொன்னார், மீசையோட இருந்த பழைய படத்தைக் குடுத்தார். கொட்டாஞ்சேனை லைற் கம்பமெல்லாம் அதை ஒட்டினவை. அனிற்றா எண்ட பேரில எடுத்த புது அடையாள அட்டை என்ர ஹாண்ட்பாக்கில இருந்தது. பெட்டிக்கு முன்னால சண்டை வேண்டாம் எண்டு நான் அதை வெளியில எடுக்கேல்லை. அதாலதான் வேதக்கோயில் ஓராண்டுப் பூசையிலயாவது அவளின்ர பேரை வாசிக்க வைக்கிறதெண்டு போன வியாழக்கிழமை வெளிக்கிட்டன்.

பின்னேரம் ரெண்டே முக்காலுக்கு வெள்ளவத்தைச் சந்தையடியில 101 பஸ் எடுத்தன். புறக்கோட்டை எட்டுக் கிலோமீற்றர்தான், எழுபது ரூபா. பம்பலப்பிட்டியில பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ஏறினதில ஐம்பது நிமிஷம் போச்சு. கடல் பக்கத்து சீற்றில இருக்காதேங்கோ, அந்த நேரத்து வெயில் முகத்தில அடிக்கும்.

புறக்கோட்டையில இருந்து ஆட்டோ. ரெண்டரைக் கிலோமீற்றருக்கு மீற்றரில இருநூற்றி எண்பது காட்டினது. ஓட்டினவர் ஒரு முஸ்லிம் நானா, நல்ல வாய்க்காரர்.

பூசைக்குப் பேர் குடுக்கப் போறன் எண்டன். "ராத்தா, யாருக்குப் பூசை?" எண்டு கண்ணாடியில பார்த்துக் கேட்டார்.

"வீட்டு ஆளுக்கு."

"வீட்டு ஆளெண்டா மாப்பிள்ளையா?"

இல்லை எண்டன். அதுக்குப் பிறகு அவர் கதையை மாத்தி, மீன்விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். யாரெண்டு சொல்லாமல் விட்டது எனக்கு வெக்கமாய் இருந்தது. அவர் கேட்டதில ஒரு பிழையும் இல்லை.

கோயில் ஒஃபிஸ் நாலு மணிக்குத் திறந்தது. அங்க ஒரு வயசான மிஸ், பெரிய கொப்பியோட இருந்தா. பூசைக்குப் பேர் குடுக்கிறதெண்டால் அவவிட்டத்தான் எழுதவேணும், பங்குச் சுவாமி அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் பீடத்தில வாசிப்பார். அம்மா வீட்டு விலாசத்தைச் சொன்னதும் பக்கத்தைத் திருப்பிக் காட்டினா.

"உங்கட அம்மா முந்தாநாளே வந்து குடுத்திட்டா."

பார்த்தன். பழைய பேர்.

"இது வேற பேர். இதையும் எழுதுங்கோ. அனிற்றா."

"இவ உங்களுக்கு என்ன முறை?"

கொப்பியில அதுக்கும் ஒரு கட்டம் இருந்தது.

"தங்கச்சி" எண்டன்.

மிஸ் பேனையை வைச்சிட்டு என்னைப் பார்த்தா. "உங்களுக்குத் தம்பி ஒராள்தான், வேற இளையாக்கள் இல்லை எண்டெல்லோ அம்மா சொன்னவ?"

"அம்மா அப்பிடித்தான் சொல்லுவா. நீங்கள் எழுதித் தாங்கோ."

புது அடையாள அட்டையை மேசையில வைச்சன். அவ அதைத் தூக்கி, கண்ணாடியைக் கழட்டிப் பார்த்தா. பிறகு ஒண்டும் கேட்காமல் எழுதினா.

அஞ்சரைப் பூசைக்கு அம்மா ரெண்டாவது வாங்கில இருந்தா. நான் பக்கத்தில போய் இருந்தன், பேர் எழுதினதைச் சொல்லேல்லை. சுவாமி முதல் பழைய பேரை வாசிச்சார், அடுத்ததாய் அனிற்றா எண்டு வாசிச்சார். அவருக்கு அது ரெண்டு செத்த ஆக்கள். அம்மா செபமாலையை உருட்டுறதை நிப்பாட்டினா. திரும்பிப் பார்க்கேல்லை.

வாசலில செருப்பைப் போடேக்கதான் கேட்டா. "அந்தப் பேர் அவன் தனக்கு வைச்சதுதானே?"

"ஓம் அம்மா."

"காதுக்கு நல்லாத்தான் கேட்டுது." மற்றச் செருப்பையும் போட்டிட்டு, "இடியப்பம் கொண்டு வந்தனியோ?" எண்டா. கொண்டுபோகேல்லை. அதுக்கு ஏச்சு விழுந்தது.

இப்பிடி ஒரு வேலைக்குப் போறவைக்கு: புது அடையாள அட்டையின்ர ஃபோட்டோக் கொப்பி ஒண்டு கையில வைச்சிருங்கோ. பூசைக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போங்கோ. வீட்டில முதலே வேற பேர் குடுத்திருந்தால் அதை வெட்டச் சொல்லிச் சண்டை பிடிக்காமல், நீங்கள் கொண்டுபோன பேரையும் எழுதுவியுங்கோ. முக்கியமாய், முறை என்ன எண்டு கேட்பினம். அதுக்கு மறுமொழியை வீட்டிலயே வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கோ.

நான் பழகாமல் போனனான். தங்கச்சி எண்ட சொல்லு அந்த ஒஃபிஸிலதான் முதல் தரம் என்ர வாயில வந்தது. நீ ஒருநாள் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கேட்டனி, "ஊர்பேர் தெரியாத ஆக்கள் எல்லாம் எனக்குத் தங்கச்சி எண்டு கடிதம் எழுதுகினம், நீ மட்டும் ஏனக்கா வண்டு எண்டுறாய்?" எண்டு. அதுதானே உன்ர பேர் எண்டு சமாளிச்சன். தம்பி எண்டும் சொல்லாமல், தங்கச்சி எண்டும் சொல்லாமல் இவ்வளவு வருஷமும் அந்தப் பேருக்குப் பின்னால ஒளிச்சு நிண்டனான்.

அது தெரிஞ்சுகொண்டேதானே, வண்டு, நான் கூப்பிட்ட நேரமெல்லாம் "என்னக்கா" எண்டு திரும்பினனி?