சுத்தியல் நின்ற ஒரு மணி நேரம்

போன புரட்டாசியில் நடந்தது. குறுவை அறுத்த கையோடு சம்பா நடவைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, குத்தாலம் பக்கத்திலிருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து நானும் என் கணவரும் சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பினோம். அங்கே ஒரு மலைப் பள்ளத்தாக்கில் எங்கள் மகள் வேலை பார்க்கிறாள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் விவசாயம் என் பொறுப்பு. அவர் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். நாற்றுக்கும் களைக்கும் வித்தியாசம் கேட்டால் சிரித்து மழுப்புவார். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது நான்தான். என் வாய்க்குப் பயப்படாதவர்கள் ஊரில் குறைவு. இரண்டு வருடத்துக்கு முன் மேலண்டை வயல்காரர் வாய்க்காலில் மண்ணைப் போட்டு அடைத்துவிட்டார். நடவாட்கள் முன்னால் வைத்தே அவரைக் கிழி கிழி என்று கிழித்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் விடவில்லை. அவர் வீட்டுக் கொல்லையில் கரை உடைந்து, பிள்ளை பெற்று வந்திருந்த மகள் படுத்திருந்த அறைக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது, அதனால்தான் அடைத்திருக்கிறார். மறுநாள் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. வீம்புதான், வேறென்ன.

அந்தப் பள்ளத்தாக்கில் எங்கே திரும்பினாலும் நடைபாதைகள். எங்களுக்கு ஏற்றதாக ஏற்ற இறக்கம் இல்லாத பாதை ஒன்றை மகள் தேர்ந்தெடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளே அழைத்துப் போனாள். பார்த்தால், அது வாய்க்கால் கரை! பனி உருகி வரும் தண்ணீரை, மலைச் சரிவில் வாய்க்கால் வெட்டி, கீழே இருக்கும் புல்வெளிகளுக்குக் கொண்டுபோகிறார்கள். கரையில் ஓரடி அகலத்துக்குப் பாதை. ஓரிடத்தில் அந்தத் தண்ணீரில் ஒரு சின்ன மரச்சக்கரம் சுற்றியது. சக்கரம் சுற்றச் சுற்ற ஒரு மரச் சுத்தியல் பலகையில் டக், டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கீழே தண்ணீர் பார்க்கும் ஆள் வீடு வரைக்கும் கேட்குமாம். சத்தம் நின்றால் எங்கோ கரை உடைந்துவிட்டது என்று ஓடி வருவார்களாம். இப்போது அதெல்லாம் வேடிக்கைக்கு வைத்திருப்பதாகவும் சிலர் சொல்கிறார்கள் என்றாள் மகள்.

புதன்கிழமை அவள் வேலைக்குப் போனதும் அதே பாதையில் நாங்கள் இருவர் மட்டும் போனோம். வாய்க்கால் கரையில் நடக்க எனக்குத் துணை வேண்டுமா என்ற திமிர். எலுமிச்சை சாதம் கட்டி எடுத்துக்கொண்டோம். சீசன் முடிகிற நேரம், வார நாள் வேறு. வழியில் ஒருவரும் இல்லை. பன்னிரண்டு மணிக்கெல்லாம் மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. தூறலும் சேர்ந்துகொண்டது. திரும்பிவிடலாம் என்றார். சுத்தியல் சத்தம் கேட்கிறதே, அது வரைக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்று நான்தான் இழுத்துப் போனேன்.

சக்கரத்துக்கு நாலு எட்டு முன்னால் பாதையில் மரப்பலகை போட்டிருந்தது. நனைந்த பலகையில் வழுக்கி, அவர் கால் பலகைக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் தோளிலிருந்த சாப்பாட்டுப் பை சரிவில் உருண்டு மேகத்துக்குள் மறைந்தது.

காலை விடுவித்து, மலைப்பக்கமாக இழுத்துச் சாய்த்து உட்காரவைத்தேன். செல்போனில் சிக்னல் இல்லை. கால் வலியைவிட எனக்குப் பயம் வேறு ஒன்றில். அவருக்குச் சர்க்கரை நோய். காலையில் மாத்திரை போட்டாயிற்று, சாப்பாடு போய்விட்டது. கைப்பையைத் துழாவியதில் விமானத்தில் கொடுத்த மிட்டாய் ஒன்று கிடைத்தது. அதை வாயில் போட்டேன். அந்தக் குளிரிலும் அவர் நெற்றியில் வியர்த்தது.

கீழே இருக்கும் ஊருக்குப் போய் ஆள் கூட்டி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அரை மயக்கத்தில் இருப்பவரை ஓரடிப் பாதையில் விட்டுவிட்டு எப்படிப் போவது? கொஞ்சம் புரண்டு படுத்தால் பள்ளம். கத்திப் பார்த்தேன். டக், டக் என்ற அந்தச் சத்தம்தான் பதிலுக்குக் கேட்டது.

அப்போதுதான் தோன்றியது. எங்கள் ஊரில் நெஞ்சு வலி என்று கத்தினால்கூட ஆள் வரத் தாமதமாகலாம். வாய்க்காலில் தண்ணீர் நின்றால் ஒரு மணி நேரத்தில் யாராவது மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள்.

சக்கரத்தை மட்டும் ஒரு குச்சியால் நிறுத்தலாம். ஆனால் குச்சி சிக்கியிருக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டால்? சுத்தியல் வெறும் வேடிக்கைக்குத்தான் என்றால்? தண்ணீரே நிற்க வேண்டும். சக்கரத்துக்கு மேலே, மிச்சத் தண்ணீரை வெளியே தள்ள ஒரு மடை இருந்தது. எடுத்த எடுப்பில் திறந்துவிட முடியாது. சரிவில் விட்ட தண்ணீர் மண்ணை அரித்து, கீழே யார் வீட்டு மேலாவது இறங்கிவிடும். தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தேன். மடைக்குக் கீழே கல் பாவிய வடிகால் ஓடைக்குப் போனது. மடையை மூடியிருந்த பலகையை இரண்டு கையாலும் பிடுங்கி வாய்க்காலுக்குக் குறுக்கே செருகி, புல்கட்டியைப் பெயர்த்து அடைத்தேன். அடுத்தவர் தண்ணீரை அடைக்கிறோமே என்று அந்த நேரத்திலும் கை கூசியது.

அவர் பாதிக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஊர்ல பண்ற சண்டை பத்தலன்னு இங்க வந்தும் மடையத் தொறக்கிறியா?"

சிரித்தேன். சக்கரம் மெதுவாகி நின்றது. சுத்தியலும் நின்றது. மலையே வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது.

அதன் பிறகு இருபது நிமிடம் அவரைப் பேசவைத்துக்கொண்டே இருந்தேன். பேத்தி பெயரைக் கேட்டேன், சொன்னார். ஊரில் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன், சொன்னார். பிறகு என் பெயரையே மாற்றிச் சொன்னார். பிறகு பதிலே இல்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அந்த மனுஷன் என்னைக் கிண்டல் பண்ணாமல் இருந்ததில்லை. "ஏங்க, எதாவது சொல்லுங்க. திட்டவாவது திட்டுங்க" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே அழுதேன். வாய்க்காலில் தண்ணீர் வற்றி அடிக்கல் தெரிய ஆரம்பித்தது. ஒருவரும் வரவில்லை. கீழே கேட்க யாருமே இல்லையோ, வீணாகத் தண்ணீரை அடைத்துவிட்டு அவரைச் சாகக் கொடுக்கிறேனோ என்று மேகத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்தேன்.

கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்து மேகத்துக்குள்ளிருந்து ஒரு அதட்டல் கேட்டது. பாஷை புரியவில்லை, ஆனால் வசவு என்று புரிந்தது. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், தோளில் மண்வெட்டி. என் வயசுதான் இருக்கும், ஒரு பெண். நான் செருகிய பலகையைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்த சிவப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிவப்பு. சேற்றுக் கையோடு கும்பிட்டேன். அவள் பார்வை என் கையிலிருந்து அவர்மேல் போனது. வாயிலிருந்த பாதி வசவு அப்படியே நின்றது. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் மண்டியிட்டு, என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். அந்தக் குரலை வைத்தே புரிந்தது, என்ன ஆச்சு என்று கேட்கிறாள்.

'சுகர்' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. தன் சட்டைப் பையில் இருந்த சர்க்கரைக் கட்டியைத் தண்ணீரில் கரைத்து, விரலால் அவர் ஈறில் தடவினாள். விழுங்க ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸில் பேசினாள். நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்து சேர்வதற்குள் அவர் கண்ணைத் திறந்து, "தண்ணி வந்துடுச்சா?" என்றார்.

அவரைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது அவள் பலகையைப் பிடுங்கி மடையில் போட்டாள். இடுக்கில் தண்ணீர் கசிந்தது. நான் குனிந்து சேற்றை அள்ளி அப்பி, காலால் மிதித்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தாள். நாங்கள் நாலு எட்டு வைப்பதற்குள் டக், டக் என்று பின்னால் மறுபடி கேட்டது.

கட்டுப் போட்ட காலோடு அவரைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பிய மறுநாள் மேலண்டை வயல்காரர் வீட்டுக்குப் போனேன். "அன்னிக்கு உங்களப் பேச விடல. தப்புதாங்க" என்றேன். அவர் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு வந்து என்னை எட்டிப் பார்த்தது.

இப்போதும் தண்ணீர் நின்றால் மண்வெட்டியோடுதான் போகிறேன், வழியெல்லாம் கோபமும் கூடவே வருகிறது, ஆனால் அடைத்தவர் முன்னால் போய் நின்றதும் என் வாயிலிருந்து முதலில் வருவது, "என்ன ஆச்சுங்க?"